ஆள்காட்டி நிறம் சொல்வதை விட்ட கதை

அந்தக் காலத்தில், கொக்கும் எருமையும் நேருக்கு நேர் வாயாடிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மலையடிவாரத்தில் ஒரு பெரிய குளம் இருந்தது. அதன் கிழக்குக் கரை வெள்ளைகளுக்கு. கொக்கு, நாரை, வெள்ளைப் பசு எல்லாம் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். மேற்குக் கரை கறுப்புகளுக்கு. நீர்க்காகம், எருமை, அண்டங்காக்கை எல்லாம் அங்கே. யார் இப்படிப் பிரித்தது என்று கேட்டால், "எங்கள் தாத்தா காலத்திலிருந்தே இப்படித்தான்" என்பார்கள். அந்தத் தாத்தாவைப் பிடித்துக் கேட்டிருந்தால் அவரும் தன் தாத்தாவைத்தான் காட்டியிருப்பார்.

இரண்டு கரைக்கும் சேதி சொல்கிற வேலை ஆள்காட்டிக் குருவிக்கு. வடக்குக் கரை மேட்டில் நெட்டைக் காலை ஊன்றி நின்று நாலு திசையும் பார்ப்பாள். அந்த நாளில் அவளுக்கு மணி அடித்தாற்போலப் பேச்சு வரும். கிழக்கே பாம்பு ஊர்ந்தால் "வெள்ளை! வெள்ளை!" என்று கூவுவாள். வெள்ளைகள் மட்டும் கிளம்பி ஓடும். மேற்கே நரி தலை காட்டினால் "கறுப்பு! கறுப்பு!" என்பாள். கறுப்புகள் மட்டும் ஓடும். அடுத்த கரைக்காரர்கள் தலையைக்கூடத் தூக்காமல் குடித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல சேதியும் அப்படியேதான். எந்த நிறத்துக்கு நல்லது நடந்தது என்று தெரிந்தால் போதும் அவர்களுக்கு.

ஒரு கோடையில் மலைக்கு அந்தப் பக்கம் சுனைகள் வற்றிப்போய், அங்கிருந்து ஓர் ஆட்டுக் கூட்டம் இறங்கி வந்தது. ஆள்காட்டி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். முன்னால் வந்த தாயாடு வேலாத்தா கன்னங்கரேலென்று இருந்தாள். அவள் புருஷன் செம்மண் நிறம். பின்னால் வந்தவர்களில் பால்வெள்ளையும் உண்டு, சாம்பலும் உண்டு. கடைசியாகத் துள்ளி வந்த குட்டி பூவாயிக்கு முகம் கறுப்பு, வயிறு வெள்ளை, முதுகில் காவித் திட்டு. ஆனால் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் ஒரே பேச்சு, ஒரே இழுவை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே வீட்டு ஆட்கள் என்று சொல்லிவிடலாம்.

ஆள்காட்டிக்குக் குறுகுறுப்பு தாங்கவில்லை. இறங்கிப் போனாள்.

"நீங்கள் கறுப்பா, வெள்ளையா?"

"நாங்க மலைக்கு அந்தப் பக்கமுங்க" என்றாள் வேலாத்தா.

"அது ஊர். நான் கேட்டது நிறம்."

வேலாத்தா தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை அந்தக் கண்ணோடு அவள் பார்த்ததே இல்லை. "எல்லாம் எங்க சனமுங்க. இதுல என்னத்தச் சொல்றது?"

"ஏதாவது ஒன்று சொன்னால்தான் எனக்குச் சேதி சொல்ல வரும்."

"அப்ப உங்களுக்கு எது தோதோ அதையே சொல்லிக்கங்க, அம்மிணி" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீரில் வாயை வைத்தாள். எந்தக் கரையும் தங்களுக்கு இல்லை என்பதால் ஆடுகள் தென்கரைச் சரிவில் மொத்தமாக நின்று குடித்தன.

தோதுதான் பெரிய பாடாகிவிட்டது. மறுநாளே ஆடுகள் கரையோரத்து இளங்கோரையை ஒட்ட மேய்ந்துவிட்டன. கொக்குப் பெரியவர் இறக்கையை உதறிக்கொண்டு வந்தார். "கறுப்புக் கூட்டம் கோரையைத் தின்று தீர்த்தது என்று சொல். தாயாட்டைப் பார்த்தாயல்லவா, கரிக்கட்டை!" ஆள்காட்டி அப்படியே கூவினாள். நாலு நாள் கழித்து அதே ஆடுகள் பாறை இடுக்கில் மண்ணைக் குளம்பால் பறித்து ஒரு புது ஊற்றைக் கண்டுபிடித்தன. கொக்குப் பெரியவர் மறுபடி வந்தார். "வெள்ளைக் கூட்டம் ஊற்றுக் கண்டது என்று சொல். முதலில் குளம்பு போட்டது அந்தப் பால்வெள்ளைதான்." அதையும் கூவினாள். நீர்க்காகத்தார் மட்டும் என்ன, இளைத்தவரா? எந்தக் கரையில் தலை அதிகம் என்று எண்ணும் நாளில், "ஆடெல்லாம் நம்ம ஆட்கள், கறுப்போடு சேர்த்துக்கொள்" என்றார். எண்ணி முடித்ததும், "அதுகளுக்கு இங்கே இடம் ஏது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்!

ஆள்காட்டிக்குக் குழப்பம். ஆனால் குழப்பத்திலும் அவளுக்கு ஓர் ஆனந்தம் இருந்தது. எதையும் நோண்டிப் பார்க்கிற புத்தி அவளுக்கு. தினமும் தென்கரைக்குப் போய் ஆடுகளைச் சுற்றிச் சுற்றி வருவாள். வெயிலில் பார்ப்பாள், நிழலில் பார்ப்பாள். மயிரை விலக்கித் தோலைக்கூடப் பார்த்தாள். தோல் வேறு ஒரு நிறத்தில் இருந்து அவளை இன்னும் குழப்பியது.

பூவாயிக்கு இந்த அக்காவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒட்டிக்கொண்டே திரிவாள். கேள்வி கேட்பதில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

"ஏனுங்க்கா, நீங்க கறுப்புங்களா, வெள்ளைங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

ஆள்காட்டி சட்டென்று பதில் சொல்ல வாயெடுத்தவள், நின்றுவிட்டாள். தண்ணீரில் குனிந்து பார்த்தாள். கழுத்து கறுப்பு, கன்னத்தில் வெள்ளைப் பட்டை, முதுகு பழுப்பு, மூக்குக்கு மேலே சிவப்பு, கால் மஞ்சள். சேதி சொல்கிறவளை யாரும் இந்தக் கேள்வி கேட்டதே இல்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

"எனக்குத் தெரியவில்லையடி" என்றாள். பூவாயி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆள்காட்டிக்கும் சிரிப்பு வந்தது. அப்போதே அந்த இரண்டு சொல்லையும் துப்பித் தொலைத்திருக்கலாம். அவள் சிரித்துவிட்டு மேட்டுக்குப் போய்விட்டாள். வேலை வேலைதானே!

ஒருநாள் உச்சி வெயில். மூன்று கரையிலும் கூட்டம். தென்கரையில் முற்றி நின்ற கோரைக்குள் ஏதோ அசைந்தது. ஆள்காட்டி உற்றுப் பார்த்தாள். ஓநாய். வயிறு ஒட்டிய கிழட்டு ஓநாய், ஆடுகளுக்கு இருபதடி தூரத்தில் பதுங்கியிருந்தது.

வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடியே நின்றது. ஆடுகளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? நேற்றுக் கூவிய சேதியில் அவர்கள் வெள்ளை. அந்த நினைப்பில், "வெள்ளை! வெள்ளை!" என்று கூவினாள்.

கொக்குகளும் நாரைகளும் குபீரென்று கிளம்பின. பசு ஓடியது. ஆடுகள் தலையை நிமிர்த்தின.

"இன்னைக்கு நாம வெள்ளையாங்க?" என்று வேலாத்தா புருஷனைக் கேட்டாள்.

"நேத்து வெள்ளைன்னாங்க. முந்தாநேத்துக் கறுப்புன்னாங்க. இன்னைக்கு என்னமோ, யாரு கண்டா?"

ஆள்காட்டி சொல்லை மாற்றினாள். "கறுப்பு! கறுப்பு!" என்று தொண்டை கிழியக் கூவினாள். மேற்குக் கரை காலியானது. எருமைகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஓடின. ஆடுகள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றன. பூவாயி மேட்டைப் பார்த்து இரண்டடி முன்னால் வந்தாள். அவளுக்குத்தான் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமே.

"ஏனுங்க்கா, எங்களையா சொல்றீங்க?"

கோரை பிளந்தது.

ஆள்காட்டி சொல்லே இல்லாமல் அலறினாள். அப்படி ஓர் அலறலை அதற்கு முன் அந்தக் குளம் கேட்டதில்லை. அலறிக்கொண்டே பாய்ந்து ஓநாயின் கண்ணருகே கொத்தினாள். அந்த அலறலுக்குத்தான் ஆடுகள் ஓடின. மற்ற எல்லா ஆடுகளும் ஓடின. பூவாயி ஓடவில்லை. ஓநாய் அவளைக் கவ்விக்கொண்டு கோரைக்குள் போய்விட்டது.

வெகு நேரம் கழித்து வேலாத்தா தனியாகத் திரும்பி வந்தாள். ஆள்காட்டி மேட்டிலிருந்து இறங்கி அவள் முன்னால் தலை கவிழ்ந்து நின்றாள். வேலாத்தா திட்டவில்லை. நிஜமாகவே புரியாதவள்போலக் கேட்டாள்.

"ஓநாயின்னு ஒரு வார்த்த சொல்லீருந்தா நாங்க ஓடியிருப்பமுங்களே, அம்மிணி? அதச் சொல்ல உங்களுக்கு வாய் வரலீங்களா?"

வந்தது யார் என்று தெரிந்தும், சாகப்போவது எந்த நிறம் என்று தேடிக்கொண்டு நின்றவள் ஆள்காட்டி.

பறந்துபோன கொக்குப் பெரியவர் ஆபத்து நீங்கியதும் வந்து இறங்கினார். மேற்கிலிருந்து நீர்க்காகத்தாரும் வந்தார். "செத்தது கறுப்புத்தானே? அப்படியே சொல்லிவிடு" என்றார் கொக்குப் பெரியவர். "வயிறு வெள்ளையாக இருந்ததை நானே பார்த்தேன், உங்கள் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் நீர்க்காகத்தார். இரண்டு பேரும் ஆள்காட்டியைப் பார்த்தார்கள். வேலாத்தாவும் பார்த்தாள்.

ஆள்காட்டி வாயைத் திறந்தாள். ஓநாயைப் பார்த்து அலறிய அதே அலறல்தான் வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடியும் அதேதான். அது அவர்கள் காதைத் துளைத்தது. கொக்கும் நீர்க்காகமும் வேலாத்தாவும் ஒரே சமயத்தில் திடுக்கிட்டுத் துள்ளி ஓடினார்கள்.

அன்று முதல்தான் ஆள்காட்டிக் குருவி மனிதன் வந்தாலும், நாய் வந்தாலும், பாம்பு வந்தாலும் யாருக்கு என்று சொல்லாமல் ஒரே கத்தாகக் கத்துகிறது. அதைக் கேட்டதும், என்ன நிறமானாலும், குளத்தில் இருக்கிற அத்தனை உயிரும் சேர்ந்தே எழுந்து ஓடுகிறது.