கொம்பையா குறிஞ்சி பார்க்கப் போன கதை

இலுப்பைக்காட்டில் ஒரு சருகுமான் குடும்பம் இருந்தது. குடும்பத் தலைவன் பெயர் கொம்பையா. சருகுமானுக்குக் கொம்பே கிடையாது. இருந்தாலும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர், நாம் என்ன சொல்ல முடியும்? மனைவி பெயர் பவளம். ஒரே மகள் இசக்கி. போன மழைக்குப் பிறந்தவள், அம்மாவின் காலடியை விட்டு அகலாதவள்.

சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். இலை அசைந்தாலே புதருக்குள் ஓடிவிடும். ஆனால் கொம்பையா அப்படி இல்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது குடும்பத்தோடு எங்காவது போய்வர வேண்டும் அவனுக்கு. அதையும் சிக்கனமாகச் செய்ய வேண்டும்.

அந்தக் காட்டில் காசு என்றால் உலர்ந்த நெல்லிக்காய்தான். ஆற்றைக் கடக்க, குகையில் தங்க, வழியில் பசியாற, எல்லாவற்றுக்கும் அதைத்தான் கொடுக்க வேண்டும். கொம்பையா சிறுகச் சிறுகச் சேர்ப்பான். அவன் கஞ்சன் இல்லை. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்கள் வேறு ரகம். இவன் செலவழிப்பான். ஆனால் ஒரு காய் கொடுத்தால் முடியும் என்றால் இரண்டு காய் கொடுக்க மாட்டான். அவ்வளவுதான்.

இசக்கி பிறப்பதற்கு முந்தைய வருடம் புருஷனும் பெண்டாட்டியும் அருவி பார்க்கப் போனார்கள். சாரல் விழுந்த நாட்களில் மிருகங்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு ஓடின. கொம்பையா அசையவில்லை. கூட்டம் கலையட்டும் என்று பொறுத்திருந்து, அப்புறம் புறப்பட்டான். தெப்பக்கூலி பாதி. குகை வாடகை பாதி. அருவியும் விழுந்துகொண்டுதான் இருந்தது. சற்று மெலிந்திருந்தது, வேறொரு குறையும் இல்லை. இருவரும் ஆற அமரக் குளித்துவிட்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. “சீசன்ல போறவன் ஏமாளி! சீசன் முடிஞ்சு போறவன் அறிவாளி!” என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னான். மிளா மான்களும் முயல்களும் அவனிடம் யோசனை கேட்க வந்தன. ஒருமுறை ஜெயித்த வித்தை எப்போதும் ஜெயிக்கும் என்று நினைப்பது மனிதர்களுக்கு மட்டுமே உள்ள வியாதி இல்லை.

இசக்கி பிறந்ததற்கு அடுத்த வருடம் மலைப்புறாக்கள் ஒரு சேதி கொண்டுவந்தன. கூம்புமலையில் குறிஞ்சி பூத்திருக்கிறதாம்!

பவளம் அதைக் கேட்டுவிட்டு வந்தாள்.

“என்னங்க, கூம்புமலையில குறிஞ்சி பூத்திருக்காம். மலையே நீலமாக் கெடக்குதாம். ஒரு தடவை பாத்துட்டு வந்துருவோமா?”

பவளம் எதையும் வாய்விட்டுக் கேட்பவள் இல்லை. அருவிக்குப் போனது அவன் ஆசை. அதற்கு முன் தாமரைக்குளத்துக்குப் போனதும் அவன் ஆசைதான். அவள் கூடவே நடந்தாள், பார்த்தாள், நன்றாயிருக்கிறது என்றாள். அவளாகக் கேட்டது இது ஒன்றுதான்.

“போயிருவோம்! உனக்கில்லாததா?” என்றான் கொம்பையா. மனதாரத்தான் சொன்னான். சொன்ன கையோடு விலை விசாரிக்கக் கிளம்பிவிட்டான்.

முதலில் தெப்பம் ஓட்டும் நீர்நாயிடம் போனான்.

“இப்பவா? மூணு மடங்கு கூலி ஆகுமே!” என்றது நீர்நாய். “அங்க பாரும், காட்டெருமையே வரிசையில நிக்குது!”

அடுத்து, குகைகளை வாடகைக்கு விடும் கரடியிடம் போனான்.

“மூலையில ஒரு பொந்து மட்டும் இருக்கு. அதுவும் நாலு மடங்கு” என்றது கரடி. “ஒண்ணு செய்யும். சீசன் முடிஞ்சதும் வாரும். நல்ல குகையாப் பாத்து பாதி வாடகைக்குத் தாரேன். ஈ காக்கா இருக்காது!”

மலையடிவாரத்தில் பழம் விற்கும் குரங்கும் அதையேதான் சொன்னது. “சீசன் முடியட்டும். கூட்டமே இருக்காது. பாதிக்குப் பாதி குறைச்சுத் தாரேன்!”

கொம்பையாவுக்கு வாயெல்லாம் பல். கூலி எவ்வளவு குறையும் என்று கேட்டான். எப்போதிலிருந்து குறையும் என்று கேட்டான். குட்டிக்குத் தனியாகக் குகை வாடகை உண்டா என்றுகூடக் கேட்டான். கூட்டம் ஏன் இருக்காது என்று மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் பக்கத்து வளையிலிருந்து வேலாயுதம் வந்தான். அவன் முள்ளம்பன்றி. முதுகெல்லாம் வேல் என்பதால் அந்தப் பெயர் அவனுக்கு நன்றாகவே பொருந்தும்.

“அண்ணாச்சி, நாங்க கூம்புமலைக்குப் போறோம். நீங்களும் வாங்க!” என்றான். “தெப்பக்கூலி தலைக்கு இல்ல, தெப்பத்துக்கு. ரெண்டு குடும்பமாப் போனா ஆளுக்குப் பாதி. நடுவழியில என் மச்சான் வளை இருக்கு, அங்க தங்கிக்கிடலாம். வாடகையே கிடையாது. கிழங்கும் பழமும் கையோட கொண்டுபோயிருவோம். குரங்கு கடைப்பக்கமே எட்டிப் பாக்க வேண்டாம்!”

நல்ல திட்டம்தான். கொம்பையாவுக்கும் அது தெரிந்தது. தெரிந்ததனாலேயே கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. சிக்கனத்தில் அவனுக்கே பாடம் சொல்வதற்கு முள்ளம்பன்றி யார்? மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

“அப்பவும் சீசன் முடிஞ்சு போறதைவிடக் கூடுதலாத்தானே ஆகுது!” என்றான்.

“கொஞ்சம் கூடுதல்தான். அதுக்காக? பூ நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்? காற்றுள்ளபோதே தூற்றிக்கிடணும் அண்ணாச்சி!”

“அருவி காத்துக்கிட்டு இருந்துச்சே!”

பவளம் மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

“என்னங்க, அவுக கூடவே போயிருவோமே. துணையாவும் இருக்கும்.”

“நீ சும்மா இரு பவளம். இதெல்லாம் உனக்குத் தெரியாது!”

பவளம் சும்மா இருந்துவிட்டாள். சொல்லிப் பழகாத வாய், ஒரு தடவைக்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

முள்ளம்பன்றிக் குடும்பம் போனது, வந்தது. வேலாயுதத்தின் பிள்ளைகள் காடு முழுக்க ஓடி ஓடிக் கதை சொன்னார்கள். கொம்பையா காதைப் பொத்திக்கொண்டான். பிறகு மலையிலிருந்து தேனீக்களும் இறங்கி வந்தன.

“தேனீயெல்லாம் திரும்பிருச்சுங்க. இனிமே பூ இருக்குமா?” என்று கேட்டாள் பவளம்.

“தேனீக்கு எப்பவும் அவசரம். அவ்வளவு பெரிய மலையில நாலு பூ இல்லாமலா போயிரும்?” என்றான் கொம்பையா. “இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம். செடி எங்க ஓடிப்போகுது?”

ஒருவழியாகக் கூலி குறைந்தது. குடும்பம் புறப்பட்டது.

பயணம் அமோகமாக இருந்தது. தெப்பத்தில் அவர்கள் மூவர் மட்டும்தான். நீர்நாய் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டியது. கரடி சொன்னபடி நல்ல குகையைக் கொடுத்து, படுக்கப் புதுச் சருகும் போட்டது. குரங்கு இசக்கிக்கு ஒரு அத்திப்பழத்தை இனாமாகவே கொடுத்தது. கொம்பையா வழிநெடுக, “பாத்தியா? பாத்தியா?” என்றான். பவளம், “ஆமாங்க” என்றாள். அவள் கண் மட்டும் மலைமேலேயே இருந்தது. கடைசி ஏற்றத்தில் அவனுக்கு முன்னால் ஓடினாள். அவள் அப்படி ஓடி அவன் பார்த்ததே இல்லை.

உச்சிக்குப் போய் நின்றாள். நின்றபடியே நின்றாள்.

கொம்பையாவும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். எங்கே பார்த்தாலும் பழுப்பு. காய்ந்த குச்சிகள் மலை முழுக்க நின்றன. ஒரு பூ இல்லை. பெயருக்குக்கூட ஒன்று இல்லை.

“அம்மா, நீலம் எங்கம்மா?” என்று கேட்டாள் இசக்கி.

கொம்பையா புதர் புதராக ஓடினான். பாறை இடுக்கில் பார்த்தான். ஓடைக்கரையில் பார்த்தான். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்தபிறகு சாப்பிட வந்தவன் கதை ஆகிவிட்டது அவன் கதை.

பக்கத்தில் ஒரு வரையாடு மேய்ந்துகொண்டிருந்தது. கொம்பையா அதனிடம் போனான்.

“குறிஞ்சியெல்லாம் எங்கே?”

“நல்லாக் கேட்டீரே! அதெல்லாம் முடிஞ்சுபோச்சே. காஞ்ச செடியைத்தான் மிதிச்சுக்கிட்டு நிக்கிறீரு.”

“சரி, போகட்டும். அடுத்த வருஷம் எப்பப் பூக்கும்? முன்னாடியே வந்துடுறோம்!”

வரையாடு மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தது. கேலி செய்கிறானோ என்று சந்தேகம் போலிருக்கிறது.

“அடுத்த வருஷமா? இது ஒரு தடவை பூத்தா அதோட செத்துப்போகும். விதை விழணும், முளைக்கணும், வளரணும். இனிமே பன்னெண்டு வருஷம் ஆகும். அதனாலதானே அவ்வளவு கூட்டம்! இது தெரியாமலா வந்தீரு?”

கொம்பையாவுக்குத் தெரியாது. எந்தச் சருகுமானுக்கும் தெரியாது. சருகுமான்களில் பன்னிரண்டு வயதைக் கண்டவர்களே அபூர்வம். ஒரு பூவுக்கும் மறு பூவுக்கும் நடுவில் ஒரு தலைமுறையே முடிந்துபோகும். அப்புறம் யார் யாருக்குச் சொல்வது?

அவன் கணக்கில் புலி. எந்தக் கணக்கையும் நடந்துகொண்டே போடுவான். அன்றைக்கு ஒரு சின்னக் கூட்டல்தான். தன் வயதோடு பன்னிரண்டு. பவளத்தின் வயதோடு பன்னிரண்டு. போட்டான். விடை வந்தது.

அவளுக்கு இனிமேல் குறிஞ்சி கிடையாது. எத்தனை நெல்லிக்காய் கொடுத்தாலும் கிடையாது.

பவளம் அவன் பக்கத்தில் வந்தாள். அவளும் வரையாடு சொன்னதைக் கேட்டிருந்தாள்.

“இறங்குவோமா? பிள்ளைக்குப் பசிக்கும்” என்றாள்.

திட்டியிருந்தால்கூடக் கொம்பையாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. இறங்கும் வழியில் அவன் குரங்கின் கடையில் நின்று விலை கேட்காமலே, இருப்பதிலேயே நல்ல பழத்தை வாங்கிக் கொடுத்தான். அவள் தின்றாள். “இனிப்பா இருக்கு” என்றாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதென்றால் இதுதான்.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் பவளத்தை வீட்டில் காணோம். கொம்பையா தேடிக்கொண்டு போனான். வேலாயுதத்தின் வளை வாசலில் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே வேலாயுதத்தின் மனைவி பேச்சி. கொம்பையா புதர் மறைவிலேயே நின்றுவிட்டான்.

“நீலம்னா எப்படி நீலம்? சங்குப்பூ மாதிரியா?” என்று பவளம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்படி இல்ல மயினி. அதைவிட வெளுப்பு. காலையில ஒரு மாதிரி இருக்கும், வெயில் ஏறினா வேற மாதிரி இருக்கும். காத்தடிச்சா மலையே நகர்ற மாதிரி...” பேச்சிக்குச் சொல்லத் தெரியவில்லை. திணறினாள். “எனக்குச் சொல்ல வரல மயினி. நீங்க ஒரு தடவை பாத்திருந்தா...” என்று ஆரம்பித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

“பரவால்ல, சொல்லு. காத்தடிச்சா?” என்றாள் பவளம்.

கொம்பையாவால் அதற்குமேல் மறைந்து நிற்க முடியவில்லை. முன்னால் வந்தான்.

“தப்புப் பண்ணிட்டேன் பவளம். உன் ஆசையில போய் மிச்சம் பிடிச்சுட்டேன்.”

பவளம் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. அலுப்பு இருந்தது.

“மிச்சம் பிடிச்சது தப்பில்லைங்க. நம்ம பிள்ளைக்காகத்தானே பிடிக்கிறீக. ஊரெல்லாம் போய் விசாரிச்சீகளே, என்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘பூ இல்லேன்னாலும் உனக்குப் பரவாயில்லையா பவளம்’னு கேட்டிருந்தா, நான் சொல்லியிருப்பேன்.”

கொம்பையா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அதன்பிறகும் அவர்கள் ஊர் சுற்றினார்கள். அவளைக் கேட்காமல் அவன் எங்கும் புறப்பட்டதில்லை. தெப்பத்தில் பங்கு சேர்ந்தார்கள், சொந்தக்காரர் வளையில் தங்கினார்கள், கட்டுச்சோறு கொண்டுபோனார்கள். பவளம் சிரித்தாள், ரசித்தாள். ஆனால் கூம்புமலைப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.

கூம்புமலையில் அடுத்த குறிஞ்சி பூத்தது. மலை மறுபடியும் நீலமானது. அப்போது இலுப்பைக்காட்டில் கொம்பையாவும் இல்லை, பவளமும் இல்லை.

செலவைக் குறைக்கத் திட்டம் போடுவது புத்திசாலித்தனம்தான். ஆனால் யாருக்காக, எதைப் பார்க்கப் போகிறோமோ அதையே தொலைத்துவிட்டு மிச்சம் பிடித்தால், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட எந்தச் சேமிப்பாலும் முடியாது.