கரடி அளந்த முயல் பங்கு

மருதங்காட்டுக் குளக்கரையில் ஒரு சபை இருந்தது. கரடியும் குரங்கும் அதன் உறுப்பினர்கள். மழை தொடங்கும்போது தேர்தல் நடக்கும். ஒவ்வொரு விலங்கும் தனக்குப் பிடித்தவர் முன்னால் ஓர் இலையைப் போடும். யார் முன்னால் இலை அதிகமோ, அவர் சபைக்குப் போவார்.

சபை வேலை லேசான வேலை இல்லை. குளத்துக்கு நீர் வரும் கால்வாயை அடைப்பில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் குடிக்க வரும் கூட்டத்தை வரிசையில் நிறுத்த வேண்டும். சண்டை வந்தால் விலக்கிவிட வேண்டும். இரை தேடப் போக நேரமே கிடைக்காது. அதனால் பொதுப் பொந்திலிருந்து அவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. கோடைக்காக எல்லோரும் சேர்த்து வைத்த தேனும் கிழங்கும் பழமும் அந்தப் பொந்தில்தான் இருந்தன.

பங்கு எவ்வளவு? அதையும் சபையே முடிவு செய்தது. அங்கேதான் வந்தது வினை!

கரடிக்குக் கருப்பட்டி என்று பெயர். நல்ல மனசு. நல்ல உழைப்பாளி. ஆனால் தேன் வாசம் மூக்கில் பட்டுவிட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

"கால்வாயில நின்னு நின்னு காலெல்லாம் கடுக்குது. பங்கைக் கொஞ்சம் கூட்டிக்கலாமா?" என்று கேட்டது கரடி.

"தாராளமா! பக்கத்துக் காட்டுச் சபையில நம்மளவிட அதிகமாத் தர்றாங்களாம்!" என்றது குரங்கு. பக்கத்துக் காட்டுக்கு அது போனதே இல்லை.

"யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டது கரடி.

கரடி குரங்கைப் பார்த்தது. குரங்கு கரடியைப் பார்த்தது. ஆட்சேபணை எங்கிருந்து வரும்? இப்படியே ஆண்டுக்கு ஆண்டு பங்கு ஏறிக்கொண்டே போனது.

ஒரு கோடையில் புல்லெல்லாம் கருகிவிட்டது. வெள்ளைச்சி என்ற முயல் தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பொந்துக்கு வந்தது. உள்ளே காய்ந்த தேனடையும் பழத்தோலும்தான் கிடந்தன.

"கரடி மாமா, பிள்ளைங்க நேத்திலேருந்து ஒண்ணும் சாப்பிடலை. பொந்துல எதுவுமே இல்லையே!"

கை நக்கிக்கொண்டிருந்த கரடி அப்படியே நின்றுவிட்டது. அதற்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "இனிமே தேர்தல் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!" என்று சொல்லிவிட்டுப் பதவியிலிருந்து இறங்கியது. குரங்கு அதற்கு முன்பே மரத்தில் ஏறிவிட்டது.

காடே கொதித்தது. "இனிமே சபைக்குப் பங்கே கிடையாது! சேவைன்னா சேவைதான்!" என்று எல்லோரும் சேர்ந்து சட்டம் போட்டார்கள்.

அடுத்த தேர்தல் வந்தது. யாரும் முன்வரவில்லை. "எனக்கு ஆசைதான். ஆனா நாள் முழுக்க இங்க நின்னா என் பிள்ளைங்களுக்கு யாரு இரை தேடுவாங்க?" என்று வெள்ளைச்சி பின்வாங்கியது.

"நான் இருக்கேன்!" என்று குதித்து வந்தது நரி. "எனக்கு ஒரு துண்டுப் பழம்கூட வேண்டாம்!"

ஆஹா, என்ன ஆரவாரம்! இலையெல்லாம் நரி முன்னாலேயே விழுந்தது.

சும்மா சொல்லக்கூடாது, முதலில் நரி ஒழுங்காகத்தான் உழைத்தது. ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே! அது ஒட்டிப்போன நேரம் பார்த்துக் கொக்கு ஒரு மீனோடு வந்தது.

"நரியண்ணே, இப்படி இளைச்சுட்டீங்களே! இதைச் சாப்பிடுங்க. கால்வாயில மட்டும் ஒரு கல்லைப் போட்டுடுங்க. தண்ணி குறைஞ்சா எனக்கு மீன் பிடிக்கச் சௌகரியமா இருக்கும்!"

ஒரு மீன், ஒரு கல். இன்னொரு மீன், இன்னொரு கல். குளம் சுருங்கிச் சேறானது. குட்டிகள் தாகத்தில் அழுதன.

காரணம் தேடிக் கால்வாய்ப் பக்கம் போன கரடி, கல்லையும் கண்டது, பக்கத்திலேயே மீன் முள்ளையும் கண்டது. எல்லோரும் நரியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நரி அழுதே விட்டது. "தப்புதான்! ஆனா வேலை மட்டும் உண்டு, சோறு கிடையாதுன்னா நான் காத்தையா தின்னுவேன்?"

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனாலும் நரியைச் சபையிலிருந்து இறக்கினார்கள். கரடி மூச்சு வாங்க வாங்கக் கல்லையெல்லாம் உருட்டித் தள்ளியது.

களைத்துத் திரும்பும் வழியில் அது வெள்ளைச்சியின் புதர் அருகே உட்கார்ந்தது. அங்கே ஒரு குட்டி வெள்ளரிப்பழத்தைக் கடித்துத் துண்டு போட்டது. மற்றவை ஆளுக்கொரு துண்டை எடுத்தன. பழத்தைக் கடித்த குட்டி மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டது.

"அது ஏன் கடைசியா எடுக்குது?" என்று கேட்டது கரடி.

"எங்க வீட்ல அப்படித்தான் மாமா! பங்கு போடறவங்களே முதல்ல எடுத்தா, கண்ணு பெரிய துண்டு மேலேயே இருக்கும்!" என்று வெள்ளைச்சி சிரித்தது.

கரடி துள்ளி எழுந்தது. நேராகப் போய்க் கூட்டத்தைக் கூட்டியது.

"பங்கு கண்டிப்பா இருக்கணும்! ஆனா சபை தனக்குத் தானே அளந்துக்கக் கூடாது. இன்னிக்கு அளக்கிறது இனி ஜெயிச்சு வர்றவங்களுக்கு. அவங்க அளக்கிறது அவங்களுக்குப் பின்னால வர்றவங்களுக்கு. நடுவுல யாரும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது!"

"அப்போ முதல்ல நீயே அள! நீதான் தேர்தல்ல நிக்க மாட்டேன்னு சொல்லிட்டியே!" என்றது கூட்டம்.

கரடி வெகுநேரம் யோசித்தது. வெள்ளைச்சி சபைக்கு வர வேண்டும் என்று அதற்கு ஆசை. "நாள் முழுக்கக் கால்வாயில நிக்கிற ஒரு முயல், தன் பிள்ளைங்களைப் பட்டினி போடாம இருக்கணும். அதுதான் பங்கு!" என்று அளந்து வைத்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

தேர்தல் நடந்தது. வெள்ளைச்சி முன்னால் பெரிய குவியல். இன்னொரு குவியல் எங்கே? கரடி திரும்பிப் பார்த்தது. அதன் கால் மறையும் அளவுக்கு இலை!

"ஐயையோ! நான் நிக்கவே இல்லையே!"

"கல்லை உருட்ட உன்னைவிட்டா வேற யாரு இருக்கா? பேசாம உட்காரு!" என்று காடே அதட்டியது. கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுக்க மனம் வரவில்லை.

அன்று மாலை இருவருக்கும் இலையில் பங்கு வந்தது. வெள்ளைச்சியும் குட்டிகளும் வயிறார உண்டார்கள். கரடி ஒரு முறை நக்கியது. இலை காலி!

"போதுமா மாமா?"

"எங்கே போதும்! மூக்குல பட்டதுகூட வயித்துக்குப் போகலை!"

"கொஞ்சம் கூட்டிக்கலாமா?" என்று வெள்ளைச்சி சீண்டியது.

கரடி பொந்தை எட்டிப் பார்த்தது. கோடைக்கு வேண்டியது நிறைந்திருந்தது. தேன் வாசம் மூக்கைத் துளைத்தது. கரடி மூக்கைப் பொத்திக்கொண்டது.

"அடுத்து வர்றவங்களுக்குக் கூட்டலாம். கரடி வயித்தையும் மனசுல வச்சு அளக்கலாம்!"

"அப்படின்னா அடுத்த தேர்தல்ல நீங்க நிக்கக் கூடாது!"

"அதை இலை போடறவங்ககிட்டச் சொல்லு!" என்று சிரித்தபடி, மீதிப் பசிக்குப் பழம் தேடி இலுப்பை மரத்தை நோக்கி நடந்தது கரடி.

ஊருக்கு உழைப்பவருக்கு வயிறாரப் பங்கு கொடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பங்கை அளக்கும் கையும் அதை உண்ணும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது.