மந்தி கொடுத்த முதல் குரல்

மருதமரங்கள் நின்ற ஓர் ஓடைக்கரையில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்து வந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஓர் ஆள்காட்டிப் பறவை காவல் இருந்தது. புல்லுக்குள் செந்நாயோ சிறுத்தையோ அசைந்தால் போதும், மேலே எழும்பிக் கத்தும். மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். மான்கள் நடக்கும்போது குளம்புக்குப் பயந்து தத்துகிற பூச்சிகள் எல்லாம் ஆள்காட்டிக்கு. அதுதான் அதன் கூலி.

ஆள்காட்டி கூச்ச சுபாவம் உள்ளது. அடுத்தவருக்கு ஆபத்து என்றால் தொண்டை கிழியக் கத்தும். தனக்கு ஒன்று வேண்டுமென்றால் குரலே எழும்பாது.

அந்தக் கோடையில் ஓடையோரச் சரளைக் கற்களுக்கு நடுவே அது நான்கு முட்டைகள் இட்டிருந்தது. ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் தரைதான் அவற்றுக்கு வீடு. கல்லோடு கல்லாகக் கிடந்த முட்டைகளைப் பற்றி அது யாரிடமும் சொல்லவில்லை. யாராவது பக்கத்தில் வந்தால் கத்தும். ஏதோ காரணம் இருக்கும் என்று மான்களும் ஒதுங்கிப் போகும்.

ஒரு நாள் காலை, எதிர்க்கரையில் ஒரு செந்நாய் வருவதைப் பார்த்து ஆள்காட்டி கத்தியது. ஒரு மான்கூடத் தலையைத் தூக்கவில்லை. மறுபடியும் கத்தியது. மான்கள் மேலே மருதமரத்தைப் பார்த்தன. அங்கே ஒரு மந்தி, வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. செந்நாய் தண்ணீருக்குத்தான் வருகிறது என்று மேலிருந்து கண்ட மந்தி அமைதியாக இருந்ததால் மான்களும் அமைதியாக மேய்ந்தன. செந்நாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தன் வழியே போனது.

ஆள்காட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. தன் தொண்டைதான் கட்டிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் குடித்துப் பார்த்தது. அப்போது முயல் துள்ளி வந்தது. மான்களின் தலைவனுக்கு அதுதான் தூதுவன்.

“இன்னுமா இங்கே நிற்கிறீர்கள், அக்கா?” என்றது முயல்.

இன்று முதல் மந்திதான் காவல் என்றும், பழைய காவலின் குரலுக்கு யாரும் அசையக் கூடாது என்பது தலைவரின் உத்தரவு என்றும் அது சொன்னது. பொழுது சாய்வதற்குள் ஆள்காட்டி இடத்தைக் காலி செய்ய வேண்டுமாம். சரளைப் பக்கம் முளைத்திருக்கும் புல்லையும் கூட்டம் இனி மேயப்போகிறதாம்.

“எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்றது ஆள்காட்டி.

“நேற்றே எல்லோரையும் கூட்டிச் சொன்னாரே” என்ற முயல், காதைச் சொறிந்துகொண்டது. “ஆமாம், அப்போது நீங்கள் காவலில் இருந்தீர்கள்.”

ஆள்காட்டி நேரே தலைவனிடம் போனது. கவைக்கொம்பன் என்று பெயர் கொண்ட அந்த ஆண்மான் கொடியது அல்ல. போன மழைக்காலத்தில் புல் உயர்ந்து நின்றபோது ஒரு குட்டியைச் சிறுத்தை தூக்கிப் போனதை நினைவுபடுத்தியது. தரையில் நிற்கிற கண்ணுக்கு எட்டாதது மரத்தில் இருக்கிற கண்ணுக்கு எட்டும், கூட்டத்தின் நன்மையைப் பார்ப்பது தவறா என்று கேட்டது.

ஆள்காட்டியால் அதை மறுக்க முடியவில்லை. ‘என் முட்டைகள்’ என்ற சொல் வாய்வரை வந்தது. “சரிங்க, தலைவரே” என்பதுதான் வெளியே வந்தது.

உச்சிவேளையில் கூட்டம் சரளைப் பக்கம் திரும்பியது. ஆள்காட்டி சிறகை விரித்துக் குறுக்கும் நெடுக்கும் பறந்து கத்தியது.

“வேலை போன கோபம், பாவம்” என்று ஓர் இளமான் சிரித்தது. “கத்தட்டும், கத்தட்டும். நாம்தான் அசையக் கூடாதே.”

குளம்புகள் நெருங்கின. ஆள்காட்டி கத்துவதை நிறுத்தியது. முட்டைகளின் மேல் படுத்து, இரண்டு சிறகுகளையும் விரித்துக்கொண்டது.

அந்த நொடியில் மருதமரத்தின் உச்சியிலிருந்து மந்தி குரல் கொடுத்தது. அந்த வேலைக்கு வந்து அது கொடுத்த முதல் குரல் அதுதான். கூட்டம் முழுவதும் தூக்கிய காலைத் தூக்கியபடி நின்றது.

“செந்நாயா? சிறுத்தையா?” என்று கேட்டது கவைக்கொம்பன்.

“இரண்டும் இல்லை. ஆபத்து உங்களுக்கு இல்லை, தலைவரே. உங்களால்.”

மந்தி குட்டியோடு இறங்கி வந்து, இளமானின் காலுக்குக் கீழே கைநீட்டிக் காட்டியது. ஆள்காட்டி மெல்லச் சிறகை ஒதுக்கியது. கற்கள் என்று எல்லோரும் நினைத்தவற்றில் நான்கு, கற்கள் இல்லை. இளமான் காலைப் பின்னால் வைத்தது. அதற்குச் சிரிப்பு வரவில்லை.

“வேலை காலி என்றுதானே என்னை அழைத்தீர்கள்?” என்றது மந்தி. “காலி என்று இவளுக்கே தெரியாதாமே. காலையில் முயல் சொன்னதை மேலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.”

“இவள் கண்ணுக்கு எட்டவில்லை என்பதால்தான்...”

“எட்டவில்லை, உண்மைதான். அதை இவளை எதிரே வைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாமே. நாளைக்கு என்னைவிட உயரத்தில் ஒரு பருந்து கிடைத்தால், நானும் என் பிள்ளையும் இருக்கிறோமா என்றுகூடப் பார்க்காமல் கிளையை முறிப்பீர்களா?”

கவைக்கொம்பன் குனிந்து நான்கு முட்டைகளையும் பார்த்தது. பிறகு கொம்பைத் தாழ்த்தி, “உனக்கு என்ன வேண்டும், அம்மா?” என்று ஆள்காட்டியிடம் கேட்டது. அப்படி அது கேட்பது அதுவே முதல் முறை.

“நேற்றே கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன், தலைவரே. குஞ்சுகள் பறக்கும்வரை இந்த இடமும் எங்கள் இரையும் வேண்டும். பிறகு வேறு ஓடை தேடிக்கொள்கிறேன்.”

தலைவன் எல்லோர் முன்னிலையிலும் அதற்கு வாக்குக் கொடுத்தது. தான் செய்தது தவறு என்றும் சொன்னது. இனி யாருடைய இடத்தை மாற்றுவதானாலும் முதலில் அவரிடம் போய்ச் சொல்லி, அவர் பதிலைக் கேட்டு வந்த பிறகுதான் மற்றவர்களைக் கூட்ட வேண்டும் என்று முயலுக்குக் கட்டளையிட்டது.

முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வந்தன. மான்கள் சரளையைச் சுற்றி நடந்து, பூச்சிகளை அந்தப் பக்கமே கிளப்பிவிட்டன. பருந்து வட்டமிட்டபோதெல்லாம் மந்தி குஞ்சுகளுக்காகவும் குரல் கொடுத்தது.

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்துப் புறப்படும் நாளும் வந்தது. ஆள்காட்டி மருதமரத்தடியில் நின்றது. “என் குரல் செத்துவிட்டது என்று நினைத்தேன், அக்கா. நீங்கள் உங்கள் குரலைக் கொடுத்தீர்கள். என் பிள்ளைகள் பறப்பது அதனால்தான்.”

“மேலே வந்து உட்கார்ந்து சொல்லேன், கழுத்து வலிக்கிறது” என்றது மந்தி.

“எங்கள் குலத்துக்கே கிளையில் உட்காரத் தெரியாதே.”

இரண்டும் சிரித்தன. ஆள்காட்டி தன் குஞ்சுகளோடு எழும்பி, புல்வெளியை ஒருமுறை சுற்றி வந்து கத்தியது. செந்நாய் இல்லை, சிறுத்தை இல்லை, எந்த ஆபத்தும் இல்லை. ஆனாலும் மான்கள் எல்லாம் தலையைத் தூக்கி, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றன.

ஒருவருடைய வேலை முடிந்துபோகலாம். ஆனால் அதை அவரிடம் முன்பே சொல்லி, அவர் சொல்வதையும் கேட்டு, வேறு வழி தேட அவகாசமும் கொடுத்து அனுப்புவதே அவர் உழைப்புக்குச் செய்யும் நன்றி.