புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய கதை

மில் முதலாளி தெய்வசிகாமணி வாயைத் திறந்தால் ஊரே தலையாட்டும். அப்பா நாச்சிமுத்துவை முதியோர் இல்லத்தில் சேர்க்க முடிவு செய்ததும், வீட்டில் சமைக்கும் மாராத்தாளைக் கூப்பிட்டார்.

“புது வீட்டுக்குப் போறோம்னு சொல்லி அவரைக் கிளப்பு. ஒரு சொட்டுக் கண்ணீர் வரக்கூடாது. வந்தா உனக்கு வேலை இல்லை.”

“ஆகட்டுங்க” என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மகனோடும் மாராத்தாளோடும் வந்து இறங்கிய பெரியவர் இல்லத்து வாசல் பலகையை நின்று படித்தார், பிறகு உள்ளே நடந்தார். மாராத்தாள் கூடையிலிருந்து புதுப் பால்சட்டியை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். பால் பொங்கியது. நர்சம்மா முதல் தோட்டக்காரர் வரை ஆளுக்கொரு டம்ளர். முதலாளியும் வேறு வழியில்லாமல் சிரித்துக்கொண்டே குடித்தார்.

பிறகு மாராத்தாள் பெரியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்தாள்.

“இது யாருக்கு?” என்றார் முதலாளி.

“உங்களுக்குத்தானுங்க. பால் காய்ச்சுன அன்னிக்கு ராத்திரி குடும்பம் புது வீட்டுலதானுங்களே படுக்கோணும்?”

“உனக்கென்ன பைத்தியமா? இங்கே மனுசன் தூங்குவானா?”

சொன்ன பிறகுதான் அப்பா பக்கத்தில் இருப்பது அவருக்கு உறைத்தது. டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த நர்சம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

நாச்சிமுத்து அழவில்லை. குனிந்து, பாயைச் சுருட்டி மாராத்தாளிடம் கொடுத்தார்.

“இருட்டறதுக்குள்ள உன்ற ஊட்டுக்குப் போய்ச் சேரு, கண்ணு” என்றார் மகனிடம்.

அந்த வீட்டைக் கட்டியவர் அவர். அன்று காலை வரைக்கும் ‘நம்ம ஊடு’ என்றுதான் சொல்லுவார்.