சாந்தனைக் களைக்க வைத்த கதை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபையில் காணிக்கைப் பை பிடிக்கிற ஞானப்பூ அக்கா. என் மூத்த மகளைப் பிரசவத்துக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்து ஜெபித்து எனக்கு வார்த்தையே தீர்ந்துபோன நேரத்தில் அக்கா சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் நர்ஸம்மா வந்து அதட்டினாள். கர்த்தர் கோபித்துக்கொள்ளவில்லை, பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள்.

பந்தல்விளை என்று ஒரு ஊர். அங்கே அருமைநாயகம், தவசிங், குணமணி என்று அண்ணன் தம்பி மூன்று பேர். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் நாற்காலி, சாமியானா வாடகைக்கு விடுவது தொழில். நல்ல மனுஷர்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். கஷ்டமே அதுதான். ஒரே தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. வீடு நிறைய நாற்காலி, உட்கார ஆளில்லை.

"ஒரு நாயாவது இருந்தா நல்லாருக்கும்" என்றான் தவசிங்.

பக்கத்து டவுனில் தெருநாய்களை எடுத்து வளர்க்கிற காப்பகம் ஒன்று இருந்தது. அதை நடத்துகிற வயலட் அம்மா ஒரு நாயைக் காட்டினார். வளர்ந்தும் வளராத வயசு; காலுக்கு ஒரு திசையாக ஓடப் பார்க்கிற வயசு. பேர் சாந்தன். பேர் வைத்த அன்று அது தூங்கிக்கொண்டிருந்ததாம்.

சாந்தன் தவசிங் தோளில் ஏறியது. அருமைநாயகத்தின் மூக்குக் கண்ணாடியை நக்கியது. குணமணியின் சட்டைப் பொத்தானைப் பிய்த்தது. மூவருக்கும் கண் நிறைந்துவிட்டது. தங்கச்சி போன பிறகு அவர்களை யாரும் அப்படி வரவேற்றதில்லை.

"நல்லாக் கேட்டுக்கோங்க" என்றார் வயலட் அம்மா. "கயித்தை விட்டுடாதீங்க. செருப்பை எட்டாத இடத்துல வைங்க. தினமும் நல்ல ஓட்டம் வேணும், களைச்சாத்தான் சேட்டை குறையும். சனிக்கிழமை உங்க வீட்டைப் பார்க்க வருவேன். வீடு சரியில்லைன்னா நாயைத் திருப்பி வாங்கிக்குவேன்."

மூவரும் தலையாட்டினார்கள்.

வழியில் மீன் கடை. சாந்தன் கழுத்தைக் குறுக்கிப் பட்டையிலிருந்து உருவிக்கொண்டு ஒரே பாய்ச்சல்.

"சாந்தன் எங்கலே?" என்று பதறினார் அருமைநாயகம்.

"தெரியல அண்ணே. ஆனா கயிறு எங்கிட்டதான் இருக்கு. நான் விடவே இல்ல" என்றான் குணமணி.

அண்ணன் கயிற்றை இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை தடவிப் பார்த்தார். "சரிதான். நம்ம மேல ஒரு தப்பும் இல்ல."

"ஏ நாற்காலிக்காரரே!" என்று மீன்காரம்மா கத்தினாள். "மூணு தடியன் சேர்ந்து ஒரு நாயை மேய்க்க முடியலியோ?"

"அக்கா, நாய் மேயாது. மாடுதான் மேயும்" என்று தவசிங் பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

ஏன் யாரும் துரத்தி வரவில்லை என்று பார்க்க, கொஞ்ச நேரத்தில் சாந்தனே வாயில் மீனோடு திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பையெல்லாம் எட்டாத இடமாகப் பார்த்து மொட்டை மாடியில் வைத்தார்கள். மத்தியானம் ஒரு கல்யாண வீட்டுக்கு நாற்காலி கொண்டுபோக வேண்டியிருந்தது.

"மாடி கொதிக்குது அண்ணே. செருப்பில்லாம ஏற முடியாது."

"மேல போனா செருப்பு கிடைக்கும்லா?"

"செருப்பிருந்தாத்தானே மேல போக முடியும்!"

மூவரும் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நாற்காலி சுமந்தார்கள். ஏதோ கர்த்தருக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனை போலிருக்கிறது என்று ஊரார் மரியாதையாக வழிவிட்டார்கள்.

சாயங்காலம் ஓட்டம். ஓடும்போது நாய் தொலைந்துவிட்டால்? அதனால் சாந்தனைத் தென்னை மரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, அதைச் சுற்றி மூவரும் ஓடினார்கள். சாந்தன் உட்கார்ந்து, தலையைத் திருப்பித் திருப்பி வேடிக்கை பார்த்தது. இருட்டுவதற்குள் மூவரும் மூச்சிரைத்து விழுந்துவிட்டார்கள்.

"சேட்டை குறைஞ்சுதா?" என்று கேட்டார் அண்ணன்.

"எனக்குக் குறைஞ்சிருக்கு" என்றான் குணமணி.

சாந்தனுக்குக் குறையவில்லை. மெத்தையைக் கிழித்துப் பஞ்சை வீடெல்லாம் பரப்பியது. சாமியானா ஓரத்தில் தொங்குகிற ஜாலரைத் தின்றது. வெள்ளிக்கிழமை வந்தபோது வீடு புயலடித்த மாதிரி கிடந்தது.

"நாளைக்கு அந்தம்மா இதைப் பார்த்தா சாந்தனைக் கொண்டுபோயிருவாங்களே" என்று குணமணி தேம்பினான். சாந்தன் அவன் கண்ணீரை நக்கியது. அப்படியே காதையும் ஒரு கடி கடித்தது.

அருமைநாயகம் யோசித்தார். "நம்ம தொழில்ல என்ன செய்வோம்? ஒரு வீட்டுல விசேஷம்னா, இடைஞ்சலான சாமானை விசேஷம் முடியுற வரைக்கும் வேற வீட்டுல பத்திரமா வைக்கச் சொல்வோம்லா? நாளைக்கு நம்ம வீட்டுல விசேஷம். சாந்தனை எங்கயாவது வைப்போம்."

"கண்டவங்க வீட்டுல வைக்கக் கூடாது அண்ணே. நாய் வளர்க்கத் தெரிஞ்ச இடமா இருக்கணும்."

"அப்படி யாரு இருக்கா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் மூன்று முகமும் மலர்ந்தது.

சனிக்கிழமை காலையில் காப்பகத்துக்குக் கொண்டுபோய், காவல்காரரிடம் சாந்தனை ஒப்படைத்தார்கள். கயிற்றைக் குணமணி விடவில்லை. அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். பிறகு வீட்டைக் கூட்டி, கழுவி, கண்ணாடி மாதிரி வைத்தார்கள்.

வயலட் அம்மா தன் வீட்டிலிருந்து நேரே வந்தார். சுற்றிப் பார்த்தார். "அடேயப்பா, எவ்வளவு சுத்தம்! எங்கே சாந்தன்?"

"உங்க காப்பகத்துலதாம்மா. பத்திரமா இருக்கான்" என்றார் அருமைநாயகம், பணிவாக.

வயலட் அம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்த வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. "நாயை வச்சுக்கத் தெரியாத வீட்டுக்கு நாய் எதுக்கு? வேற ஆளுக்குக் கொடுத்துடுறேன்" என்று எழுந்தார். மூவர் முகத்திலும் ஈயாடவில்லை.

அப்போது தெருக்கோடியில் புழுதி கிளம்பியது. காப்பகத்துக் கேட்டின் அடியில் புகுந்து, டவுனிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடிவந்த சாந்தன், நாக்கு தரையைத் தொட, குணமணி காலடியில் வந்து விழுந்தது. கயிற்றின் நுனியை வாயில் கவ்வியது. அப்படியே தூங்கிப்போனது.

எழுந்த வயலட் அம்மா மறுபடி உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, அவனே முடிவு பண்ணிட்டான். வச்சுக்கோங்க. ஆனா இனிமேலாவது நான் சொன்னபடி நடங்க" என்று ஆட்டோ ஏறினார்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"அண்ணே, களைச்சிருக்கான்."

"ஆமாலே. சேட்டையே இல்ல."

அன்றிலிருந்து தினமும் காலையில் அண்ணனும் தவசிங்கும் நாற்காலி வண்டியில் சாந்தனை ஏற்றி, காப்பகத்தில் விட்டுவிட்டு வருகிறார்கள். வண்டிக்கு முன்னால் சாந்தன் வீடு வந்து சேர்ந்துவிடுகிறது.

"ஏம்ப்பா நாயை இப்படித் தினமும் திருப்பிக் கொண்டுவாறீங்க?" என்று வயலட் அம்மா கேட்டிருக்கிறார்.

"நாங்க எங்கம்மா திருப்பிக் கொண்டுவாறோம்? கொண்டுவந்து விடுறதுதான் நாங்க. திரும்பிப் போறது அவன்" என்றாராம் அருமைநாயகம்.

குணமணி மட்டும் கூடப் போவதில்லை. நாய் ஓடுகிற நேரமெல்லாம் வீட்டு வாசலில் உட்கார்ந்து கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

கதை அவ்வளவுதான். போகும்போது எங்கள் வீட்டு கேட்டைக் கொஞ்சம் சாத்திவிட்டுப் போங்கள். இங்கேயும் ஒருத்தன் இருக்கிறான்.