ஒச்சம்மாள் பார்க்காத ரோடு

தேனியில் ரெஜினா என்றொரு பெண் வண்டிச் சாமான் கடை வைத்திருந்தார். ஹெல்மெட், கண்ணாடி, சீட் கவர், கேமரா எல்லாம் அங்கே கிடைக்கும். காலை வேளையில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பார் என்பதால் ஊரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. கேமரா வாங்க வருகிறவர்களையும் அவர் சும்மா விடமாட்டார். மாட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் மற்ற பேச்சு.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் காசிமாயன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அப்பா வயது இருக்கும்.

"வண்டியில மாட்டுற கேமரா வேணும் டீச்சர். எது நல்லது?" என்று கேட்டபடி வந்தார் முதல் நாள்.

"யாரு பாக்குறதுக்கு?"

காசிமாயன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஹெல்மெட் வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வீட்ல பாக்குறதுக்கு. எஞ்சம்சாரம் ஒச்சம்மா. கீழ விழுந்து இடுப்பு ஒடைஞ்சுபோச்சு. இனிமே வண்டியில உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கட்டிலே கதின்னு கெடக்கா. மொதல்லல்லாம் தெருவுல யாரு போறா, அங்க என்ன சத்தம்னு கேட்டுக்கிட்டே இருப்பா. இப்ப அதையும் கேக்குறதில்ல."

டீச்சர் மேல்தட்டில் இருந்த பெரிய பெட்டிகளைத் தொடவில்லை. கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"இது போதும்."

"வெல கம்மியானது மாதிரி தெரியுதே. நல்லா விழுமா?"

"வெளிச்சம் இருந்தா எல்லாத்துலயும் நல்லாத்தான் விழும். மாட்டுற எடந்தான் முக்கியம் அய்யா."

"எங்க மாட்டணும்?"

"மாட்டிப் பாருங்க."

காசிமாயன் அதை ஹெல்மெட்டின் உச்சியில் மாட்டிக்கொண்டு வீரபாண்டிக் கோயில் வரை போய்வந்தார். அவரும் ஒச்சம்மாளும் எப்போதும் போகிற ரோடு அது. வந்ததும் டிவியில் போட்டுக் காட்டினார். லாரி ஒன்று கடந்துபோனது. காசிமாயன் திரும்பிப் பார்த்திருந்தார். ஆடு குறுக்கே வந்தது, அதற்கும் திரும்பியிருந்தார்.

"நிறுத்துங்க. தலை சுத்துது" என்றாள் ஒச்சம்மாள்.

டீச்சரிடம் வந்து சொன்னார். "உங்க தலையத் திருப்புறப்பல்லாம் அவங்க தலையையும் சேத்துத் திருப்பிட்டீங்க" என்றார் டீச்சர்.

மறுநாள் ஹேண்டில்பாரில் மாட்டினார். படம் சுரம் வந்தது போல் நடுங்கியது. பழைய டியூப் ரப்பரை வெட்டிக் கிளாம்ப்புக்கு அடியில் வைக்கக் கற்றுக்கொடுத்தார் டீச்சர். நடுக்கம் நின்றது. சக்கரத்துக்கு முன்னால் ரோடு துணி விரித்தது போல் ஓடி வந்தது. காசிமாயனுக்கே பெருமையாக இருந்தது.

ஒச்சம்மாள் கடைசி வரை பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலை சுற்றுகிறது என்று சொன்னபோது வராத வருத்தம் அந்த 'நல்லாருக்கு' கேட்டதும் காசிமாயனுக்கு வந்தது. நேரே கடைக்கு வந்தார்.

"மேல இருக்குறதக் குடுங்க டீச்சர். வெல கூடுனாலும் பரவால்ல. இது அவளுக்குப் பிடிக்கல."

டீச்சர் மேலே பார்க்கவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

ஒச்சம்மாளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டீச்சரும் அந்தப் படத்தைப் பார்த்தார். பாதியில் மெதுவாகக் கேட்டார்.

"எப்படிம்மா இருக்கு?"

"குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல டீச்சர். ஆனா இந்த ரோட்ட நான் பாத்ததே இல்ல."

காசிமாயனுக்குச் சுருக்கென்றது. "என்ன பேச்சுப் பேசுற? கல்யாணம் ஆன நாளையிலருந்து ஒன்னைய இந்த ரோட்டுலதான கூட்டிட்டுப் போறேன்!"

ஒச்சம்மாள் சண்டைக்கும் தெம்பில்லாதவள் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

டீச்சர் எழுந்து வாசலுக்கு வந்தார். காசிமாயனும் பின்னாலேயே வந்தார்.

"அம்மா வண்டியில எப்படி உக்காருவாங்க?"

"எல்லாரும் மாதிரிதான். சேல கட்டிக்கிட்டு வேற எப்படி? ரெண்டு காலையும் இடது பக்கம் போட்டு உக்காருவா."

டீச்சர் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க. நீங்க பின்னால அதே மாதிரி உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான்."

காசிமாயன் தெருவின் இரண்டு முனையையும் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, தன் வண்டியின் பின்சீட்டில் முதல் முறையாக ஏறி உட்கார்ந்தார். டீக்கடையில் யாரோ விசில் அடித்தார்கள். அவர் பின்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. ரோடு காணாமல் போனது.

எதிரே என்ன வருகிறது என்றே தெரியவில்லை. ஹாரன் சத்தம் மட்டும் வந்தது. பள்ளம் வந்து இடுப்பைத் தூக்கிப் போட்ட பிறகுதான் பள்ளம் என்று தெரிந்தது. வளைவில் உடம்பு வெளியே சரிந்தபோது கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனபின் கண் பழகியது. ரோட்டுக்குப் பதிலாக வேறு ஏதேதோ வந்தன. செங்கல் சூளை. கயிற்றுக் கட்டிலில் பேத்திக்குப் பேன் பார்க்கும் ஒருத்தி. வாய்க்கால் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். தென்னை மரங்களுக்கு நடுவே நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீடு. பல காலமாக அந்த வழியே ஓட்டியவருக்கு அப்படி ஒரு வீடு இருப்பதே தெரியாது.

திரும்பி வரும்போது மறுபக்கம் வந்தது. அது வேறு ஊர் மாதிரி இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கியும் காசிமாயன் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பயமா இருந்துச்சு டீச்சர்."

"ம்."

"இம்புட்டு வருசமும் இப்படியா வந்தா?"

டீச்சர் ஸ்டாண்டைப் போட்டுச் சாவியை அவரிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் காசிமாயன் ஒரு சணல் கயிற்றோடு கட்டிலருகே வந்தார். தலையணைகளில் சாய்ந்திருந்த மனைவியின் இடுப்பிலிருந்து கண் வரைக்கும் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன, பாடைக்கு அளவெடுக்குறீகளா?" என்றாள் ஒச்சம்மாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த கேலி அது. காசிமாயன் சிரித்தார். கயிறு கை நழுவிவிட, மறுபடியும் அளக்க வேண்டியதாயிற்று.

லைன்மேன் கைக்குக் கம்பி கட்டுவது பெரிய வேலையா? பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு குழாயை நிறுத்தி, டியூப் ரப்பர் வைத்து முடுக்கி, அந்த உயரத்தில் கேமராவை இடது பக்கம் பார்க்க மாட்டினார். டீச்சர் வந்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

அடுத்த நாள் டிவியில் படம் ஓடத் தொடங்கியதும் ஒச்சம்மாள் தலையணையிலிருந்து முதுகைக் கொஞ்சம் எடுத்தாள்.

"அந்தப் பூவரச மரத்த வெட்டிட்டாங்களா?"

"எந்த மரம்?"

"செங்கச் சூளைக்குப் பக்கத்துல. ஒங்களுக்கு எங்க தெரியப்போகுது. மெதுவாப் போங்க, வாய்க்கா வருது. அந்தா, அந்தப் பச்சச் சேலக்காரி இன்னும் அங்கதான் தொவைக்கிறா. நீல வீட்டுக்காரி திண்டாடி மாடி எடுத்துட்டா போலருக்கே!"

படம் முடிந்தது. ஒச்சம்மாள் அவரைப் பார்த்தாள்.

"திரும்பி வர்ற பக்கம் எங்க?"

பாட்டரி தீர்ந்துவிட்டது என்று காசிமாயன் தலையைச் சொறிந்தார். விடிந்ததும் மறுபடி போய் எடுத்துவந்தார். பிறகு சின்னமனூர், பிறகு போடி. எங்கே போக வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு டீச்சர். ஒரே ஒரு கோளாறு. படத்தோட ஓரத்துல என் தோளு வந்துருது. பாதித் தோப்ப மறைக்குது. குழாய இன்னுங் கொஞ்சம் பின்னால தள்ளிரலாமா?"

"அம்மா மறைக்குதுன்னு சொன்னாங்களா?"

"அவ ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் தோணுச்சு."

டீச்சர் துடைத்துக்கொண்டிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

"அது அங்கயே இருக்கட்டும் அய்யா. வளைவு வந்தா அவங்க எதப் பிடிச்சுக்குவாங்க?"