பாதையில் ஒரு வரவேற்பு

மட்டக்களப்பு வாவியில் ஒரு துறை. ஒரு ஜீப்பும் கொஞ்ச ஆட்களும் ஏறக்கூடிய மிதவையை அங்கே பாதை என்பார்கள். கம்பியைப் பிடித்து இழுத்து அதை அக்கரை சேர்ப்பது பேரின்பத்தின் வேலை. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன அவன் மனைவி யோகமலர், ஐந்து வருடத்துக்குப் பிறகு அன்று பஸ்ஸில் வருகிறாள். பஸ் பிந்திவிட்டது. பாதைக்கோ இனிப் போவதுதான் அன்றைய கடைசிப் பயணம்.

பிரதேச சபையின் தலைவரான தவிசாளர் ஜீப்போடு ஏறினார். "உடனே எடு. இல்லாட்டி நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

பேரின்பம் பணிவாகச் சொன்னான். "எடுக்கலாம் ஐயா. ஆனா இண்டைக்கு இஞ்ச ஒரு வரவேற்பு இரிக்கி. மாலையும் கட்டி வச்சிரிக்கன். பஸ் வந்தாத்தான் போடலாம்."

தவிசாளர் தலையை வாரிக்கொண்டார். "சரி, சனம் ஆசைப்படுது. நிப்பம்."

பஸ் வந்தது. பேரின்பம் மாலையை எடுத்ததும் தவிசாளர் கழுத்தை நீட்டினார். அவனோ அவரைத் தாண்டி ஓடி, பெட்டியோடு இறங்கிய யோகமலருக்குப் போட்டான்.

"அப்ப எனக்கு?"

"ஆருக்கு வரவேற்பெண்டு நீங்க கேக்கல்லியே, ஐயா."

பாதையில் நின்ற சனம் சிரித்தது. தவிசாளர் ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பாதை நகர்ந்தது. யோகமலர் பேரின்பத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். ஐந்து வருடமாக இருவரும் போனில் மட்டும்தான் பேசியிருந்தார்கள். அக்கரையில் சொந்தக்காரர் எல்லாரும் கூடிநின்று கைகாட்டுவது தெரிந்தது.

"கொஞ்சம் மெல்ல இழுங்க," என்றாள் அவள்.